இரவல் வயதில் ஒரு வீடு

எனக்கு முப்பத்தொன்பது நடந்த வருடம் என்னிடம் நிலம் இருந்தது. நிலத்துக்குப் பத்திரம் இருந்தது. பத்திரத்தில் என் பெயரும் என் மனைவி தியெப்பின் பெயரும் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தன. வின் லோங் மாதிரி ஓர் ஊரில் புவியியல் வாத்தியாருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வயது வேண்டும் என்றாள் சின் அத்தை.

சின் அத்தை எங்கள் சந்தில் கல்யாணத்துக்கும் கட்டடத்துக்கும் நாள் குறித்துக் கொடுப்பவள். என் வயதைக் கேட்டாள். மனசுக்குள் ஒன்பது ஒன்பதாகக் கழித்தாள். தர்பூசணி விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

"மூணு மிஞ்சுது வாத்தியாரே. மூணு மிஞ்சுற வயசுல மண்ணத் தோண்டுனா பொண்டாட்டிக்கு ஆகாது."

"அடுத்த வருஷம்?"

"நாலு மிஞ்சும். நல்ல வயசு. ஒரு வருஷம் பொறுத்துக்கயேன்."

நான் பொறுப்பேன். தியெப்பின் கண் பொறுக்காது. அவள் தையல்காரி. பள்ளிக்கூடப் பெண்கள் போடுகிற நீண்ட வெள்ளை அங்கியும் வெள்ளைக் கால்சட்டையும்தான் அவள் பிழைப்பு. வெள்ளைத் துணி, வெள்ளை நூல், வருடத்துக்கு முந்நூறு ஜோடி. எங்கள் வாடகை அறையோ பட்டப்பகலிலும் ட்யூப்லைட் கேட்கும். போன மாதம் கண் டாக்டர் அவள் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பகல் வெளிச்சத்துல தைக்க எடம் பண்ணிக்குங்க, இல்லன்னா தையலையே விட்ருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தையலை விட்ட தியெப்பை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். விரலில் அடிபட்டு நாலு நாள் சும்மா இருந்தாள். ஐந்தாம் நாள் என் காலுறைக்கு எம்பிராய்டரி போட்டாள்.

அதனால் கட்டியே ஆக வேண்டும், அதுவும் இந்த வருடமே. எனக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பொண்டாட்டிக்கு ஆகாது என்று ஒருத்தி சொன்ன பிறகு நம்பிக்கையில்லாமல் இருக்க ரொம்பத் தைரியம் வேண்டும். அது என்னிடம் இல்லை.

"அப்போ வயச எரவல் வாங்கு" என்றாள் அத்தை.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நல்ல வயதில் இருக்கிற ஓர் ஆண் சொந்தக்காரருக்கு வீட்டை விற்றதாகச் சிவப்புத் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவர் படையல் வைத்து முதல் மண்வெட்டி போடுவார். நிஜ வீட்டுக்காரன் அப்போது அந்தத் தெருவிலேயே இருக்கக் கூடாது. கட்டி முடித்ததும் இன்னொரு சிவப்புத் தாளில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு நல்ல வயது ஒருவரிடம்தான் இருந்தது. தியெப்பின் அண்ணன் லுவோம். ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை, பாலம் வருகிற வரை ஆற்றில் ஆள் ஏற்றிப் படகு ஓட்டினவர். பாலம் வந்த பிறகும் அதே படகில்தான் குடியிருந்தார். வாழ்நாளில் தரையில் ஓர் அறை கூட அவருக்கென்று இருந்ததில்லை.

"வயசா?" என்றார் மச்சான். "எடுத்துக்க மாப்ளே. நான் அத வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ணல."

சிவப்புத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டதும் சின் அத்தை என் பக்கம் விரலை நீட்டினாள். "இனிமே திரும்ப வாங்குற வரைக்கும் 'என் வீடு'ன்னு உன் வாயால வரக் கூடாது. வந்துச்சோ, இந்தத் தாளு வெறும் தாளு."

மற்றவர்கள் இதைப் படையல் நாளுக்கு மட்டும்தான் கடைப்பிடிப்பார்களாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. நான் அன்று மாலையே ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த குழப்பம், வீட்டை யார் வரைவது என்பது. ஆசிரியர் அறையில் கேட்டேன். அது என் முதல் தப்பு. கணக்கு வாத்தியார், "வரையுறதுக்கு எதுக்கு ஆளு, கான்ட்ராக்டரே ஓசில வரைஞ்சு தருவான்" என்றார். இசை டீச்சர், "ஐயோ, டிசைனர் இல்லாமயா? எங்க வீட்டு ஸீலிங்க வந்து பாருங்க சார்" என்றாள். தலைமையாசிரியர் மட்டும் ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டு, "அவங்கள்லாம் ஆஸ்பத்திரி, பாங்க் மாதிரி பெருசா கட்டுறதுக்கு" என்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வீட்டுக்குப் போனபோது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள், மூவருமே மற்ற இருவரும் தேவையில்லை என்பார்கள்.

வகைக்கு ஒருவராக மூவரை ஒவ்வொரு நாளாக ஆற்றங்கரைக் காபிக் கடைக்கு வரச் சொன்னேன். வீட்டுக்காரராக லுவோம் மச்சான் உட்கார்ந்தார். அவர் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் பக்கத்து ஸ்டூலில் 'வீட்டுக்காரரின் மச்சினன்' என்ற பதவியில் உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவர் தொவான். கான்ட்ராக்டர். எங்கள் சந்தில் பதினோரு வீடு அவர் கட்டியது. இருட்டில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கழிப்பறை எங்கே என்று தெரியும், அப்படி ஓர் ஒற்றுமை. சிகரெட் பெட்டியைக் கிழித்து உள்பக்கத்தில் ஒரு நீளக் கட்டம் போட்டார்.

"நாலு மீட்டர் அகலம், இருபது மீட்டர் நீளம். முன்னாடி ஹாலு, நடுவுல மாடிப்படி, பின்னாடி சமையக்கட்டு. மேல ரெண்டு ரூம்பு. முடிஞ்சிச்சு."

"ஜன்னல்?" என்றேன்.

"முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ரெண்டு பக்கமும் மூணு மாடி ஒட்டி நிக்குது வாத்தியாரே. சொவத்துல ஓட்ட போட்டா அவன் சட்டி பானதான் தெரியும்."

"வீட்டுக்காரரோட தங்கச்சி தையல் வேல பாக்குறாங்க. பகல் வெளிச்சம் வேணும்."

தொவான் மச்சானைப் பார்த்து ஆறுதலாகச் சிரித்தார். "நாலு ட்யூப்லைட்டு சேத்துப் போட்ருவோம்ணே. பகலு தோத்துரும்."

எனக்குத் தொவானைப் பிடித்துப்போனது. அவர் சொன்னது முழுக்கப் புரிந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை. அந்த சிகரெட் பெட்டியில் முன்னால் இருந்த ஹால். செதுக்கு மர சோபா செட் ஒன்றைப் பல வருடமாகக் கடை வாசலில் நின்று பார்த்துவருகிறேன். கைப்பிடி ஒவ்வொன்றிலும் ஒரு டிராகன், மொத்தம் எட்டு டிராகன். ஒரு பெரிய மனிதன் உட்கார வேண்டிய சோபா. அதில் உட்கார்ந்தாலாவது ஆகிவிடுவேன் என்று ஒரு நம்பிக்கை. தொவானின் ஹாலில் அது கச்சிதமாக அடங்கும். வெளிச்சத்துக்கு ட்யூப்லைட் போதாது என்பது எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். ஆனால் டிராகன் கண்ணை மறைத்தது.

மறுநாள் ஃபோங் வந்தான். தம்பி வயது, கணுக்கால் தெரியும் பேண்ட். போனில் படம் படமாகத் தள்ளினான். எல்லாப் படத்திலும் ஸீலிங்கின் ஓரத்தில் ஒளிந்துகொண்டு ஒரு வெளிச்சம்.

"இதுல பதினாறு கலர் மாறும் மாமா."

மச்சான் போனைத் தூர வைத்துப் பார்த்தார். "ஊதா கலருக்குக் கீழ படுத்தா கருவாட்டுக் கடை மாதிரி இருக்காது?"

"மூடுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம் மாமா."

"எனக்கு ஒரு மூடுதான்டா தம்பி."

நான் குறுக்கிட்டேன். "தம்பி, நீங்கதான் ஆர்க்கிடெக்டா?"

"டிசைனர் சார்."

"அப்போ சொவரு எங்க வரணும்னு யாரு சொல்லுவா?"

ஃபோங் நேர்மையான பையன். "அது தெரியாது சார். சொவரு ஏற்கெனவே இருக்கும்னு வச்சிக்கிட்டுத்தான் நான் ஆரம்பிப்பேன்."

மூன்றாவதாக வந்தவள் திரின். பக்கத்து நகரமான கான்தோவிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தாள். ஆர்க்கிடெக்ட். ஆஸ்பத்திரி கட்டுகிற முகம் இல்லை. படம் எதுவும் காட்டவில்லை. ஐஸ் காபி கரைகிற வரை எங்களைப் பார்த்தாள். பிறகு இரண்டு பக்கத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மச்சானைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"வீட்ல மொதல்ல எந்திரிக்கிறது யாரு மாமா?"

"சேவல்" என்றார் மச்சான்.

அதை எழுதிக்கொண்டாள்.

"மழ பெஞ்சா எங்க உக்காருவீங்க?"

"நனையாத எடத்துல."

அதையும் எழுதிக்கொண்டாள். நான் மேஜைக்குக் கீழே மச்சானின் காலை மிதித்தேன். அவர், "மாப்ள, என் கால மிதிக்கிற" என்று அறிவித்தார். இந்த வேகத்தில் போனால் ஒரு சேவலும் ஒரு நனையாத கிழவரும் வசிக்கிற வீடு ஒன்று எனக்குக் கிடைக்கும் என்று கலங்கிப்போனேன்.

"வீட்ல அதிக நேரம் வேல செய்றது யாரு? எந்த எடத்துல?"

மச்சான் ஸ்ட்ராவால் ஐஸைக் குத்தினார். "என் தங்கச்சி. எடம்னு கேட்டா… அது ஒரு எடம் இல்லம்மா. நேர்ல வந்து பாரு. வெள்ளன வந்துரு, சாயங்காலம் வரைக்கும் இருக்கணும்."

தெரியாத கேள்விக்குப் பையன்கள் சுற்றி வளைப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வாடகை அறையில் இருப்பதே ஓர் அறை. அதில் தையல் மிஷின் இருக்கிற இடம் எனக்குத் தெரியாதா? கதவுப் பக்கம். அல்லது சமையல் பக்கம். ஏதோ ஒரு பக்கம்.

மூன்று நாள் யோசித்தேன். தொவான் வரைவார், கட்டுவார், ஆனால் வெளிச்சம் ட்யூப்லைட்டில். ஃபோங் வெளிச்சம் தருவான், ஆனால் ஊதாவில், அதுவும் சுவர் வந்த பிறகு. திரின் என்ன தருவாள் என்றே தெரியவில்லை, கேள்விதான் தந்தாள். நான் தூங்கி எழுந்து தொவான்தான் என்று முடிவு செய்தேன். பொரித்த வாத்து ஒன்று வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரருக்கு என் முடிவைத் தெரிவிக்கப் படகுக்குப் போனேன்.

மச்சான் வாத்தின் காலைக் கையிலெடுத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ணுதான் மாப்ளே. நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எதுல?"

"அவ குடுத்த தாள்ல. வீட்டுக்காரர் கையெழுத்துன்னு கீழ கோடு இருந்திச்சு. நான்தானே?"

"மச்சான், என்ன ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"உன்ன எதுக்குக் கேக்கணும்? யாரு வீடு இது?"

வாயைத் திறந்தேன். மூன்று மிஞ்சுகிற வயது கண்முன் வந்தது. மூடிக்கொண்டேன்.

"சொல்லு மாப்ளே. சொல்லித்தான் பாரேன்." வாத்துக்கால் என் மூக்குக்கு நேராக ஆடியது. "யாரு வீடுன்னு கேட்டேன்."

"உங்க வீடு மச்சான்" என்றேன்.

"அப்போ சாப்புடு. ஆறிப்போவுது."

அந்த மனிதருக்கு நான் முழு வயதும் திருப்பிக் கொடுத்துவிடத் தயாராக இருந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். நாலு ட்யூப்லைட் கூட இல்லாமல், சேவலுக்கு ஒரு மாடியும் மழைக்கு ஒரு மூலையும் வைத்து அந்தப் பெண் எதையோ வரையப்போகிறாள், தியெப் அதற்குள் துணியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு உட்காரப்போகிறாள் என்று வழியெல்லாம் தோன்றியது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் மச்சினன் என்ற பதவியில் சொல்லவும் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை எனக்கு முழு நாள் வகுப்பு, அன்று மட்டும் மதியச் சாப்பாடும் பள்ளியிலேயே. ஐந்தரைக்கு வந்தபோது அறை பூட்டியிருந்தது. தியெப் தைத்ததைக் கொடுக்கப் போயிருப்பாள். திறந்து விளக்கைப் போட்டால், தரை முழுக்கச் சாக்பீஸ். கதவருகே ஒரு கட்டம், அதற்குள் ஏழு, எட்டு என்று எண்கள். நடுவில் இன்னொரு கட்டம், பத்து, பதினொன்று. சமையல் பக்கம் ஒன்று. ஊடே அம்புகள், வளைந்த கோடுகள். கட்டிலுக்குக் கீழே கூட ஓர் அம்பு போயிருந்தது.

இது செய்வினைதான். யாரோ எதையோ எழுதிவைத்துவிட்டார்கள். சின் அத்தைக்குத் தெரியாமல் வேறு யாரிடமோ தியெப் நாள் கேட்டாளா? அல்லது சின் அத்தையே வந்து வரைந்தாளா? வாயில்தான் 'என் வீடு' என்று சொல்லவில்லையே, மனசில் சொன்னது தரையில் வந்துவிட்டதா? படித்தவன் நினைக்கிற நினைப்பா இது என்று கேட்டால், படித்தவன்தான் இவ்வளவு விரிவாக நினைக்க முடியும்.

வாளியில் தண்ணீர் பிடித்தேன். துடைப்பத் துணி எங்கே இருக்கிறது என்று தேடவே பத்து நிமிடம் ஆனது. ஒரு கோடு மிச்சமில்லாமல் துடைத்தேன்.

கடைசி ஈரம் காய்வதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. முன்னால் திரின், பின்னால் தியெப், தியெப் கையில் அளவுநாடா. புதிது, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை.

தியெப் வாசல்படியிலேயே நின்றாள். "யாரு தொடச்சது?"

"நான்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"பதினோரு வருஷம்! பதினோரு வருஷத்துல ஒரு நாளு இந்தக் கைல துணி பட்டிருக்கா? இன்னிக்கித்தான் கெடச்சிச்சா வாத்தியாரே, தரையத் தொடைக்க?"

திரின் ஈரத் தரையைப் பார்த்தாள். காலை ஆறரையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து போட்ட கோடுகள் அவை. அளக்க நாடா போதவில்லை என்று இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். ஆனாலும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "பரவால்ல சார். வீட்டுக்காரர் மாமாகிட்ட நான் பேசிக்கறேன், கொஞ்சம் தாமதமாகும்னு."

"வீட்டுக்காரரே இவருதாம்மா" என்றாள் தியெப்.

நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக் காட்டினேன். அவள் வாயை அல்ல, என் வாயை.

"ஆமா, இவரு சொல்ல மாட்டாரு. நான் சொல்லலாம்ல? பத்திரத்துல இவரு பேரும் என் பேரும். எங்கண்ணன் குடுத்தது வயசு மட்டுந்தான்."

திரின் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சேவல் முதல் நனையாத இடம் வரை அவள் மனசில் மறுபடி ஓடுவதை நான் பார்த்தேன். "அப்போ நான் இத்தன நாளா வேற ஆளுக்கு வீடு யோசிச்சிருக்கேனா?"

எனக்கு அவள் மேல் முதல் முறையாகப் பிரியம் வந்தது. குழம்பிய ஒருவர் இன்னொருவரைக் கண்டால் வருகிற பிரியம்.

"சார், வயசு எரவல்னா எனக்கும் தெரியும், எங்கப்பாவே அப்பிடித்தான் கட்டுனாரு. ஆனா படையலுக்கு மட்டும்தானே வாங்குவாங்க? ஆர்க்கிடெக்ட்ட பாக்குறதுக்கெல்லாமா?"

"மட்டும்தானா?" என்றேன். திரின் மச்சான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்தாள்.

"பத்திரத்துல உங்க பேருன்னா கையெழுத்தும் உங்களோடதுதான் வேணும். மாமா போட்டது செல்லாது. நீங்க வேற ஆள்கிட்டப் போறதுன்னாலும் தாராளமாப் போகலாம், எனக்கு வருத்தமில்ல."

எனக்குள் எட்டு டிராகன்களும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. தொவான்! ஆனால் அவள் பையிலிருந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"நாளைக்கு நான் ஒரு கல்யாணத்துக்குப் போகணும். அழிச்சது நீங்கதானே சார்? நீங்களே திரும்பப் போட்டு வைங்க. அக்கா மிஷின எங்கெங்க நகத்துறாங்களோ அங்கெல்லாம் கட்டம், பக்கத்துல மணி. திங்கக்கிழம வந்து பாக்குறேன். வேணாம்னா அப்போ வேணாம்னு சொல்லுங்க."

சாக்பீஸைக் கொடுத்தால் வாங்காமல் இருக்க எந்த வாத்தியாராலும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் கதவருகே நாற்காலியைப் போட்டுச் செய்தித்தாளை விரித்தேன். சாக்பீஸ் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

"எந்திரிங்க" என்றாள் தியெப்.

"எதுக்கு?"

"அதான் மொத கட்டம். நீங்க உக்காந்துருக்குற எடம்."

எழுந்தேன். மிஷினை அவளே தூக்கப் போனாள். நான் தடுத்து ஒரு பக்கம் பிடித்தேன். இரும்புக் கால் வைத்த பழைய மிதி மிஷின். அதன் கனம் என் இடுப்பில் தெரிந்தது. தரையில் கீறல் விழாமலிருக்க நாலு காலிலும் பழந்துணி சுற்றித் தைத்திருந்தாள். துணி தேய்ந்து, மேலே இன்னொரு துணி, அதற்கும் மேலே இன்னொன்று. கட்டம் போட்டேன். ஏழு என்று எழுதினேன்.

ஒன்பதரைக்கு வெளிச்சம் வாசற்படியைத் தாண்டிப் போய்விட்டது. "நடுவுக்கு" என்றாள். நடுக்கூரையில் ஒரே ஒரு தகடு கண்ணாடி மாதிரி இருக்கும், அதன் வழியாக ஒரு துண்டு வெளிச்சம் விழும். அதற்கு நேர் கீழே, இரண்டு கொக்கிகளுக்கு நடுவே, என் தொங்குபடுக்கை. தினமும் பதினொன்றரைக்குச் சாப்பாட்டுக்கு வந்து ஒன்றரை வரை அதில்தான் தூங்குவேன். முகத்தில் வெயில் படுகிறதென்று கைக்குட்டை போட்டுக்கொள்வேன்.

"நான் தூங்குறப்போ எங்க தைப்ப?"

"தைக்க மாட்டேன். கத்தரிப்பேன், இஸ்திரி போடுவேன். அதுக்கென்ன, வேலைக்கா பஞ்சம்?"

தொங்குபடுக்கையை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்ததால் ரொம்ப நேரம் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணிக்குச் சமையல் பக்க ஜன்னல். அங்கே மிஷின் நிற்க வேண்டுமென்றால் அடுப்பு மேஜை வெளியே போக வேண்டும். அடுப்பு மேஜை போக வேண்டுமென்றால் தண்ணீர்க் குடம் போக வேண்டும். குடத்தைத் தூக்கினேன், மேஜையைத் தூக்கினேன், மிஷினைத் தூக்கினேன். தியெப் இதைத் தனியாக, வாரத்தில் ஆறு நாள் செய்கிறாள். சூரியன் எந்த மாதம் எந்தப் பக்கம் சாயும் என்று வருடத்துக்கு நூற்றைம்பது பிள்ளைகளுக்குப் படம் போட்டு நடத்துகிறவன் நான். போன தேர்வில் அதற்கு ஐந்து மதிப்பெண் கேள்வியே கேட்டேன்.

"மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம் எப்படி? நான்தான் நாள் முழுக்க வாசல்ல உக்காந்துருப்பேனே."

"ஞாயித்துக்கிழம பட்டன் வேல மட்டும். அதுக்குக் கண்ணு அவ்வளவா வேணாம். கைக்கே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பேப்பர் படிக்கிறது நல்லாத்தான இருந்துச்சு" என்றாள். பிறகு ஊசியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து நூலைக் கோக்கப் பார்த்தாள். முதல் தடவை விலகிப்போனது. இரண்டாம் தடவையும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைச் சுவர், கையில் வெள்ளை நூல். நான் கைநீட்டி வாங்கினேன். எனக்கும் நாலாவது தடவைதான் நூல் நுழைந்தது. நாலே காலுக்கு அந்த வெளிச்சமும் போய்விட்டது. கட்டம் போட்டு, 4.15 என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தேன்.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கு லீவு போட்டேன். திரின் வந்தாள். லுவோம் மச்சானும் இஸ்திரிச் சட்டையில் வந்தார். தான் போட்ட கையெழுத்து செல்லாது என்று கேள்விப்பட்டுக் கோபமாக இருந்தார். சந்தில் சத்தம் கேட்டுச் சின் அத்தையும் விதைப் பொட்டலத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

திரின் கட்டங்களை அளந்தாள். என் கையெழுத்தைப் பாராட்டினாள். பிறகு தையல் மேஜையிலேயே தாளை விரித்து, அந்த நாலுக்கு இருபது மீட்டர் நீளக் கட்டத்தைப் போட்டு, நடுவில் ஒரு பெரிய சதுரத்தை வெறுமையாக விட்டாள்.

"இது என்ன ரூம்பு?" என்றார் மச்சான்.

"வானம் மாமா. கூரையில்ல. மேலேருந்து கீழ வரைக்கும் தொறந்து விட்ருவோம். அக்கா மிஷினு இந்தச் சதுரத்த ஒட்டி, தாழ்வாரத்துல நிக்கும். காலைல இந்த ஓரம், சாயங்காலம் அந்த ஓரம். கீழ சக்கரம் போட்டுக்குவோம், தூக்கவே வேணாம். கட்டுறத வேணும்னா உங்க தொவான் அண்ணனே கட்டட்டும், நல்லாக் கட்டுவாரு. நான் வரையுறேன், அவரு கட்டட்டும். ஸீலிங்கு வேணும்னா கடைசில அக்கா சொன்ன அந்த ஃபோங் தம்பியக் கூப்புட்டுக்கலாம்."

மூவரும் தேவைப்படலாம் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. அது புரிந்ததும் அடுத்தது புரிந்தது. நான் தாளில் முன்பக்கம் தேடினேன். ஹாலுக்கு மிஞ்சியிருந்த இடத்தில் இரண்டு ஸ்டூல் போடலாம். எட்டு டிராகனில் ஒன்றின் வால் கூட நுழையாது.

"சரியா சார்?" என்றாள் திரின்.

தியெப் அந்த வெற்றுச் சதுரத்தின் மேல் விரலை வைத்து, காலைப் பக்கத்திலிருந்து மாலைப் பக்கத்துக்கு மெல்ல நகர்த்தினாள். திரும்பவும் நகர்த்தினாள்.

"சரி" என்றேன்.

கையெழுத்துக்குக் கோடு காட்டினாள். நான் பேனாவை வைத்துக்கொண்டு சின் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஒரு விதையைக் கடித்து, தோலைத் துப்பி, தீர்ப்புச் சொன்னாள். "கை வேற, வாய் வேற. சத்தம் போடாம எழுது."

சத்தம் போடாமல் எழுதினேன். திரின் விடவில்லை. அந்தக் கேள்வித்தாளையும் என் பக்கம் தள்ளினாள். சேவலை அடித்துவிட்டு, முதலில் எழுந்திருப்பவர் தியெப் என்று எழுதினேன். அதிக நேரம் வேலை செய்பவர், தியெப். இடம், மூன்று, மணியோடு எழுதினேன். கடைசிக் கேள்வி: வீட்டில் உங்களுக்குப் பிடித்த இடம் எது, அங்கே என்ன வேண்டும்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினேன்: 'வெளிச்சமே விழாத ஒரு மூலை. தொங்குபடுக்கைக்கு இரண்டு கொக்கி.'

மச்சான் என் தோளுக்கு மேலாக எட்டி, எழுத்துக் கூட்டிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"நல்ல எடமாப் புடிச்சிருக்க மாப்ளே. கொக்கிய மட்டும் நல்லா ஒசரத்துல அடிக்கச் சொல்லு. நான் நீட்டிப் படுக்குற ஆளு."

"மச்சான், அது வந்து…"

"என்ன வந்து? யாரு வீடு இது?"

வாயைத் திறந்தேன். தியெப் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சின் அத்தை விதையைக் கடிக்காமல் நிறுத்தினாள்.

மூடிக்கொண்டேன். 'இரண்டு' என்பதை அடித்துவிட்டு 'நாலு கொக்கி' என்று எழுதிக் கொடுத்தேன்.